கெட்டிமேளத்தில் படம் உடையாமல் கல்யாண வீடியோவைச் சுருக்கி அனுப்புவது எப்படி

முகூர்த்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததைத் திறந்து பாருங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்திருக்கும்வரை படம் நன்றாக இருக்கும். தாலி கட்டும் அந்த இருபது நொடியில்தான் கட்டம் கட்டமாகச் சிதறும். முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகும், அட்சதை சாம்பல் நிறக் கூழாகத் தெரியும். எல்லாரும் மறுபடி உட்கார்ந்ததும் தானாகவே தெளிந்துவிடும். இது கேமராவின் கோளாறு கிடையாது, சுருக்கும் முறை வேலை செய்கிற விதமே இப்படித்தான். அதைப் புரிந்துகொண்டு, மூல ஃபைலிலிருந்து நாமே ஒரே ஒரு தரம் சரியாகச் சுருக்கி அனுப்பினால் அந்த இருபது நொடியைக் காப்பாற்றிவிடலாம்.

அளவு எங்கே குறைகிறது

1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமில், அதாவது வீடியோவின் ஒற்றைப் படத்தில், ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நிற வித்தியாசம் கூர்மையாகத் தெரியாது. அதனால் நிறத்தைக் கால்வாசி நுணுக்கத்தில் மட்டும் சேமிப்பது வழக்கம். அப்படிச் சேமித்தும் ஒரு ஃப்ரேமுக்கு 3.1 எம்பி ஆகும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 78 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 280 ஜிபி. அதே ஒரு மணி நேரத்தை 8 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில், அதாவது ஒரு நொடிக்கு 8 மெகாபிட் செலவில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் எழுதினால் 3.6 ஜிபியில் அடங்கிவிடுகிறது.

இப்படிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அது எல்லா ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை. சில நொடிக்கு ஒரு தரம் ஒரு முழுப் படத்தை எழுதும். அதற்குக் கீஃப்ரேம் என்று பெயர். நடுவில் வரும் ஃப்ரேம்களுக்கு, "இந்தக் கட்டம் போன ஃப்ரேமில் அங்கே இருந்தது, இப்போது மூன்று பிக்சல் தள்ளி வந்திருக்கிறது" என்கிற மாதிரி ஒரு குறிப்பு, அதற்கு மேல் மிஞ்சும் வித்தியாசம், அவ்வளவுதான் எழுதும். எச்.264-ல் அந்தக் கட்டம் 16-க்கு 16 பிக்சல். அதற்குப் பின் வந்த எச்.265-ல் 64-க்கு 64 வரை போகலாம். மேடைத் திரை, குத்துவிளக்கு, வாழைமரம் எதுவும் அசைவதில்லை என்பதால் அவற்றுக்குச் செலவே இல்லாத மாதிரிதான்.

கெட்டிமேளம் கொட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. நூறு கைகளிலிருந்து பறக்கும் அட்சதையில் ஒவ்வோர் அரிசியும் ஒவ்வொரு திசையில் போகிறது. அதைப் போன ஃப்ரேமில் தேடினால் கிடைக்காது. போட்டோகிராபரின் ஃபிளாஷ் மின்னும்போது ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் மொத்தமாக வெளுத்து, அடுத்ததில் பழைய நிலைக்கு வருகிறது. ஹோமப் புகைக்கு விளிம்பே இல்லை. அந்த நொடிகளுக்குப் பல மடங்கு பிட் தேவை. "நொடிக்கு இவ்வளவுதான்" என்று பிட்ரேட்டைக் கட்டிப்போட்டிருந்தால் கோடெக் நுணுக்கத்தைத்தான் வெட்டும். அப்படி வெட்டிய இடம்தான் கட்டமாகத் தெரிகிறது.

வெளிச்சம் குறைவான ரிசப்ஷன் ஹாலிலும் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வரும். இருட்டில் கேமரா சென்சார் உண்டாக்கும் புள்ளி இரைச்சல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறும். யாரும் அசையாவிட்டாலும், எல்லாமே அசைவதாக எடுத்துக்கொண்டு கோடெக் பிட்டைக் கொட்டும்.

டிபன் கேரியரும் சாப்பாடும்

எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ, வெப்எம் இவையெல்லாம் கேரியர்கள். ஒரு அடுக்கில் வீடியோ, ஒரு அடுக்கில் ஆடியோ, இன்னொன்றில் சப்டைட்டில். உள்ளே இருக்கும் சாப்பாடுதான் கோடெக்: எச்.264, எச்.265, விபி9, ஏவி1. ஒரே எம்பி4 பெயரில் வரும் இரண்டு ஃபைல்களில் ஒன்று டிவியில் ஓடும், மற்றது "ஆதரவில்லை" என்று நிற்கும். ஏனென்றால் உள்ளே இருக்கும் கோடெக் வேறு. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றுவதால் எதுவும் மாறாது.

எதையும் சுருக்கும் முன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீடியோ கோடெக், பிட்ரேட், ஃப்ரேம்ரேட் நிலையானதா மாறுவதா, நிற நுணுக்கம் 8-பிட்டா 10-பிட்டா, ஆடியோ கோடெக். பாதிப் பிரச்சினைக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எம்கேவி-யில் ஏற்கெனவே எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் இருந்தால், எம்பி4 ஆக்குவதற்கு மறுபடி சுருக்க வேண்டியதே இல்லை. சாப்பாட்டை அப்படியே வேறு கேரியருக்கு மாற்றினால் போதும். லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் அதைச் செய்யும். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும், தரம் ஒரு புள்ளிகூடக் குறையாது. மூன்று மணி நேர வீடியோவில் முகூர்த்தத்தை மட்டும் வெட்டி எடுப்பதற்கும் இதுவே கருவி. ஒரே ஒரு கட்டுப்பாடு: வெட்டு கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்பிருந்தே ஆரம்பிக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நொடியைத் துல்லியமாக்குவதற்காக முழு வீடியோவையும் மறுபடி சுருக்குவது நஷ்டம்.

எந்த கோடெக்

2003-ல் வந்த எச்.264 இன்றைக்கும் எல்லா ஃபோனிலும், எல்லா பிரவுசரிலும், பத்து வருடப் பழைய டிவியிலும் ஓடும். யாரிடம் என்ன கருவி இருக்கிறது என்று தெரியாத சொந்தக்காரர்களுக்கு அனுப்ப இதுதான் சரி.

2013-ல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, அதே தரத்தை 30 முதல் 50 சதவீதம் குறைந்த அளவில் தரும். ஆனால் உரிமக் கட்டணச் சிக்கலால் எல்லா இடத்திலும் நுழையவில்லை. பல விண்டோஸ் கணினிகளில் அதற்கான எக்ஸ்டென்ஷனைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் (விஎல்சி பிளேயர் போட்டால் அது இல்லாமலே ஓடும்). வீட்டில் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு எச்.265 நல்ல தேர்வு. கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மோசில்லா முதலான நிறுவனங்கள் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஏவி1-க்கு உரிமக் கட்டணம் கிடையாது, அளவும் இன்னும் சிறியது. ஆனால் சுருக்க நேரம் பிடிக்கும், பழைய ஃபோன்கள் அதை ஓட்டத் திணறும். குடும்ப வீடியோவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கில் படிப்படியாக

ஹேண்ட்பிரேக் வீடியோவைச் சுருக்கும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டு 'ஃபாஸ்ட் 1080பி30' ப்ரீசெட்டை, அதாவது அதில் தயாராக இருக்கும் அமைப்பை, தேர்ந்தெடுங்கள். அதை அப்படியே ஓட்டிவிடாதீர்கள், மாற்ற வேண்டியவை இருக்கின்றன.

'சம்மரி' பகுதியில் ஃபார்மட் எம்பி4 என்று இருக்கட்டும். 'வெப் ஆப்டிமைஸ்டு' பெட்டியைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். எம்பி4 ஃபைலுக்கு உள்ளே ஓர் அட்டவணை இருக்கும், எந்த ஃப்ரேம் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதன் பட்டியல். வழக்கமாக அது ஃபைலின் கடைசியில் எழுதப்படும். லிங்க்கில் பார்ப்பவருக்குப் பல சமயம் முழுதும் இறங்கினால்தான் ஓட ஆரம்பிக்கும். டிக் செய்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும், தொட்டவுடன் ஓடும்.

'டைமென்ஷன்ஸ்' பகுதியில் மூலத்தைவிடப் பெரிதாக்காதீர்கள். இல்லாத நுணுக்கம் வராது, சைஸ் மட்டும் ஏறும். 'வீடியோ' பகுதியில் கோடெக் எச்.264 (எக்ஸ்264, அதாவது கணினியின் பிராசசரிலேயே சுருக்கும் வகை). அதன் கீழே ஃப்ரேம்ரேட் 30 என்று இருப்பதை 'சேம் ஆஸ் சோர்ஸ்' என்று மாற்றி, 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வீடியோகிராபர்கள் பெரும்பாலும் 25 அல்லது 50 ஃப்ரேமில் எடுப்பார்கள். 50-ஐ 30-ஆக்கினால் ஃப்ரேம்கள் ஒழுங்கில்லாமல் உதிரும். மணப்பெண் நடந்து வரும் காட்சியில் நடை தட்டித் தட்டிப் போவது அதனால்தான். சைஸ் குறைய வேண்டுமென்றால் 50-ஐ 25-ஆக்குங்கள், ஃப்ரேம்கள் ஒன்று விட்டு ஒன்று ஒழுங்காக உதிரும்.

இனி முக்கியமான இடம், 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' அளவுகோல். இதில் எண் குறையக் குறையத் தரமும் சைஸும் ஏறும். எண் 6 குறைந்தால் சைஸ் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 1080 வீடியோவுக்கு முகூர்த்தப் பகுதியென்றால் 20, மற்றச் சடங்குகளுக்கு 22, நீண்ட ரிசப்ஷன் வரிசைக்கு 24 போதும். இந்த முறையில் கோடெக்குக்கு நீங்கள் தருவது தரத்தின் அளவு, பிட்ரேட் கிடையாது. அட்சதை பறக்கும் நொடிக்கு அதுவே பிட்டை அள்ளிக் கொடுக்கும், எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மிச்சம் பிடிக்கும். கடைசியில் ஃபைல் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, அது ஒன்றுதான் குறை.

'என்கோடர் ப்ரீசெட்' அளவுகோலை 'ஸ்லோ'வில் வையுங்கள். 'வெரி ஸ்லோ'வுக்கு மேலே போனால் நேரம்தான் கரையும், கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பட்டியலில் என்வென்க், குயிக்சிங்க் என்று வருபவை கிராபிக்ஸ் சிப்பின் உதவியால் வேகமாக முடிப்பவை. நிறையப் பிட்ரேட் கொடுக்கும்போது அவை போதும். இறுக்கிச் சுருக்கும்போது எக்ஸ்264 அளவுக்கு வராது, அதுவும் கெட்டிமேளத்தில்தான் கைவிடும்.

இருட்டு ஹால் வீடியோவுக்கு 'ஃபில்டர்ஸ்' பகுதியில் 'டீநாய்ஸ்' என்பதை 'என்எல்மீன்ஸ்', 'அல்ட்ராலைட்' என்று வைக்கலாம், மிஞ்சினால் 'லைட்'. அதற்கு மேலே போனால் பட்டுப் புடவையின் ஜரிகை வழுவழுவென்று தேய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

ஆடியோவில் ஏஏசி, ஸ்டீரியோ, 160 கேபிபிஎஸ். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும்போது 96-க்குக் கீழே போனால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கலந்து ஸ்வரம் மங்கும். வெறும் வாழ்த்துரை என்றால் மோனோவில் 64 போதும்.

முழுதையும் ஓட்டுவதற்கு முன் 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' தேர்ந்தெடுத்து, தாலி கட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பலர் வீடியோவின் முதல் நிமிடத்தைச் சோதித்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அங்கே கோலமும் வரவேற்புப் பலகையும்தான் இருக்கும், எந்த அமைப்பிலும் அழகாக வரும். மிகக் கடினமான நிமிடம் தேறினால் மற்றது தானே தேறும்.

இத்தனை எம்பிக்குள் வேண்டும் என்றால்

ஆறு நிமிட முகூர்த்தக் காட்சி 60 எம்பிக்குள் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 8-ஆல் பெருக்கினால் 480 மெகாபிட், அதாவது 4,80,000 கிலோபிட். ஆறு நிமிடம் 360 நொடி. வகுத்தால் நொடிக்கு 1333 கிலோபிட். ஆடியோவுக்கு 128 போனால் மீதி 1205. ஓரத்தில் கொஞ்சம் விட்டு 1180 என்று கொடுங்கள்.

இந்த 1180 எந்த அளவுள்ள படத்துக்குப் போதும் என்பதையும் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். பிட்ரேட்டை (1180 கிலோபிட் என்றால் 11,80,000 பிட்), ஒரு நொடியில் வரும் மொத்தப் பிக்சல்களால் வகுங்கள். எச்.264-க்கு விடை 0.1-ஐ ஒட்டி இருந்தால் அசைவு நிறைந்த காட்சியும் தாங்கும். 0.05 என்றால் ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குத் தாங்கும். 1920-க்கு 1080, 25 ஃப்ரேம்: விடை 0.023, தேறாது. 1280-க்கு 720: 0.051, அட்சதையில் உடையும். 960-க்கு 540: 0.091, இதுதான் சரி. ஃபோன் திரையில் தெளிவான 540, உடைந்துபோன 1080-ஐவிட எவ்வளவோ மேல். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'க்குப் பதில் 'ஆவரேஜ் பிட்ரேட்' தேர்ந்தெடுத்து 1180 கொடுத்து, 'மல்ட்டி-பாஸ்' பெட்டியை டிக் செய்யுங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அதற்கேற்பப் பிட்டைப் பங்கிடும். ஒற்றைச் சுற்றில் அடுத்து அட்சதை வரப்போவது அதற்குச் சரியாகத் தெரியாது.

எங்கே அனுப்புகிறீர்கள்

வாட்ஸ்அப்பில் கேலரி வழியாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்குவது நிற்காது. நீங்கள் பாடுபட்டுச் செய்தது அப்படியே போக வேண்டுமானால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும். ஒருவர் சாதாரணமாக அனுப்பியதை இன்னொருவர் இறக்கி, வெட்டி, ஸ்டேட்டஸில் போட்டு, அதிலிருந்து வேறொருவர் எடுத்துப் பகிரும்போது ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு சேர்ந்துகொண்டே போகிறது. நாலாவது கையில் முகமே அடையாளம் தெரியாமல் இருப்பது இப்படித்தான்.

மின்னஞ்சலில் ஜிமெயில் வரம்பு 25 எம்பி. இணைப்பு போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால் 18 எம்பிக்குள் வைத்தால்தான் நிம்மதி.

யூடியூப் எதைக் கொடுத்தாலும் தானே மறுபடி சுருக்கும். அதனால் அங்கே இறுக்கிச் சுருக்கியதை ஏற்றுவது தவறு. யூடியூப் சொல்லும் அளவு: 1080-ல் 24 முதல் 30 ஃப்ரேமுக்கு 8 எம்பிபிஎஸ், 48 முதல் 60 ஃப்ரேமுக்கு 12 எம்பிபிஎஸ். மூல ஃபைல் இதைவிடக் கூடுதலாக இருந்தால் மூலத்தையே ஏற்றுங்கள். சொந்தத்துக்கு மட்டும் என்றால் 'அன்லிஸ்டட்' வைத்து லிங்க்கை அனுப்பலாம். பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால் பதிப்புரிமைக் கோரிக்கை வரும், சில நாடுகளில் வீடியோ திறக்காமலும் போகலாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புவதற்கு முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பதென்றால் முதல் தடை சுருக்கத்தில் இல்லை, பென் டிரைவின் ஃபார்மட்டில் இருக்கிறது. ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் உள்ள டிரைவில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 8 எம்பிபிஎஸ் வீடியோ அதை 71 நிமிடத்தில் தொட்டுவிடும். டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றலாம், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. பெரியவர்கள் வீட்டுக்கு அனுப்புவதை மணிக்கு ஒரு பாகமாகப் பிரித்து ஃபேட்32-லேயே கொடுத்துவிடுங்கள். டிவிக்கு ஹேண்ட்பிரேக்கின் 'வீடியோ' பகுதியில் எச்.264, ப்ரொஃபைல் 'ஹை', 1080-ல் 25 ஃப்ரேமுக்கு லெவல் 4.1, 8-பிட். 10-பிட் எச்.264-ஐப் பெரும்பாலான டிவிகள் ஓட்டாது. படம் வந்து சத்தம் வராவிட்டால் ஆடியோ, டிடிஎஸ் போன்று டிவிக்குத் தெரியாத கோடெக்கில் இருக்கலாம், ஏஏசி-க்கு மாற்றுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

எடிட்டிங்கில் ஃபோன் வீடியோவைச் சேர்த்ததும் உதட்டசைவும் குரலும் போகப்போக விலகினால், ஃபோன் மாறும் ஃப்ரேம்ரேட்டில் எடுத்திருக்கிறது. எடிட்டரில் போடுவதற்கு முன் ஹேண்ட்பிரேக்கில் ஃப்ரேம்ரேட்டை 'கான்ஸ்டன்ட்' வைத்து, 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' 16-ல் ஒரு பிரதி எடுத்து அதைப் பயன்படுத்துங்கள்.

முகமெல்லாம் வெளிறி, நிறம் கழுவிவிட்டதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் எச்டிஆர் வீடியோ, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் அகன்ற அளவுகோலில் எழுதியது. சாதாரணத் திரைக்கு அந்த அளவுகோல் புரியவில்லை. அடுத்த தரம் ஃபோன் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். எடுத்துவிட்டதை டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டரில் ரெக்.709 என்ற சாதாரணத் திரை நிறத்துக்கு மாற்றிய பிறகே சுருக்க வேண்டும். ஐஃபோனில் 4கே, 60 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி, 1080, 30 ஃப்ரேமில் 60 எம்பி. பகிர்வதற்காகவே எடுப்பதென்றால் பின்னதே போதும்.

கை வீசும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒரு ஃப்ரேமின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு தரம் பிரித்து எடுத்தது. பழைய டேப் கேமராவிலும் டிவிடியிலும் வரும். 'டீஇன்டர்லேஸ்' ஃபில்டரை 'பாப்' என்று வைத்தால் 50 ஃப்ரேமாக விரிந்து அசைவு இழையும். கல்யாண விசிடி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எம்பெக்-1, 352-க்கு 288 அளவு, 1.15 எம்பிபிஎஸ். தட்டில் 'எம்பெக்ஏவி' ஃபோல்டரிலுள்ள டேட் (.dat) ஃபைலை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள், விஎல்சியில் ஓடும். மறுபடி சுருக்காதீர்கள், ஏற்கெனவே வெட்ட வேண்டியதெல்லாம் வெட்டியாகிவிட்டது. தட்டு கீறல் விழுந்து படிக்காமல் போவதற்கு முன் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பேட்டரி தீர்ந்தோ கார்டைப் பாதியில் பிடுங்கியோ ரெக்கார்டிங் அறுந்தால், பல ஜிபி இருந்தும் ஃபைல் திறக்காது. முன்பு சொன்ன அந்த அட்டவணையை எழுதுவதற்குள் கேமரா அணைந்துவிட்டது என்று அர்த்தம். படம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரப் பார்க்கும். பல நேரம் ஃபைல் பிழைத்துவிடும். அதுவரை அந்த கார்டில் ஒரு போட்டோகூட எடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு, முதலில் கார்டு முழுவதையும் கணினியில் நகலெடுத்து வையுங்கள்.